முதல் வளையம் ஊர்ப்பொது

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னம் வரைந்து தரச் சொன்னால் என்ன வந்து நிற்கும் என்பதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். விரித்த புத்தகம், எரியும் விளக்கு, ஒரு தாமரை, எல்லாவற்றுக்கும் பின்னால் கதிர் விரிக்கும் சூரியன். மருத்துவமனை என்றால் இதயம், அதன் குறுக்கே ஏறி இறங்கும் ஈசிஜி கோடு. வீட்டுமனை விற்பவருக்கு ஒரு கூரை. இயற்கை அங்காடிக்கு இலை. (தமிழ்நாட்டில் தாமரை, சூரியன், இலை மூன்றையும் போடுவதற்கு முன் உரிமையாளர் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இலை என்றால் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.) இவற்றை வரைந்தவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. ஒரு சொல்லைக் கேட்டதும் மனம் முதலில் எடுத்து நீட்டுவது எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான். கிராஃபிக் டிசைன் படிப்பவர்களுக்கு இதற்கு மருந்தாகச் சொல்லித்தரப்படுவது மைண்ட் மேப். தாளின் நடுவே ஒரு சொல், அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சிறு கிளைகள். யோசனை பிறக்கும் இடம் என்று அதைப் புகழ்கிறார்கள். என் கணக்கு வேறு. எல்லோருக்கும் வரும் யோசனைகளை வெளியே கொட்டித் தீர்ப்பதுதான் அந்தத் தாள் முதலில் செய்ய வேண்டிய வேலை. இதை மறந்துவிட்டு வரையும் மைண்ட் மேப், அதே புத்தகத்தையும் விளக்கையும் வண்ணக் கோடுகள் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும்.

இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர் டோனி புஜான் என்ற ஆங்கிலேயர். 1974ல் பிபிசி தொலைக்காட்சியில் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற தொடரையும் அதே பெயரில் ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்தார். கிளை பிரித்து அறிவை வரைந்து காட்டும் வழக்கம் அவருக்கு மிகவும் முந்தியது. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்ஃபிரி பொருள்களை வகைப்படுத்திய விதத்தை இடைக்கால ஐரோப்பியர் மரமாகவே வரைந்து வைத்திருந்தார்கள். புஜான் அதற்குச் சட்டதிட்டம் வகுத்தார்: நடுவில் ஒரு படம், குறைந்தது மூன்று வண்ணம், வளைந்து செல்லும் கோடுகள், ஒரு கோட்டுக்கு ஒரே சொல். மூளையின் இடப்பாதி தர்க்கத்துக்கு, வலப்பாதி கற்பனைக்கு என்றும், தன் வரைபடம் இரண்டையும் ஒருசேர இயக்குகிறது என்றும் காரணம் சொன்னார். அந்தக் காரணம் இன்று நிற்காது. 2013ல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,000க்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை அலசிப் பார்த்து, இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று மனிதர்களைப் பிரிக்க ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். பாட்டி சொன்ன காரணம் தப்பு என்பதற்காகக் கஷாயத்தைக் கீழே ஊற்ற வேண்டியதில்லைதான். ஆனாலும் அது வேலை செய்கிறது என்பதற்கு வேறு காரணம் காட்டியாக வேண்டும். புஜானின் விதிகளில் டிசைனருக்கு உருப்படியாகப் பயன்படுவது கடைசி விதி என்பேன். ‘பழைய புத்தகம்’ என்று ஒரே கோட்டில் எழுதினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘பழைய’, ‘புத்தகம்’ என்று பிரித்து எழுதினால் ‘பழைய’ என்ற சொல்லிலிருந்து வாசனை, மடிப்பு, விலை, செல்லரிப்பு என்று நாலு வழி திறக்கும். வண்ணமும் வளைவும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

காரணத்தை உளவியலில் தேடலாம். 1962ல் சார்னாஃப் மெட்னிக் என்ற அமெரிக்க உளவியலாளர், படைப்பாற்றல் என்பது தொலைவில் கிடக்கும் இரண்டு பொருள்களைப் பயனுள்ள விதத்தில் இணைப்பது என்று வாதிட்டார். ‘மேசை’ என்றதும் பெரும்பாலோர் ‘நாற்காலி’ என்பார்கள். அந்த வலுவான பதிலைத் தாண்டிய பிறகு பலருக்குச் சரக்கு தீர்ந்துவிடும். தீராமல் மேலும் தூரம் போகிறவர்களிடம்தான் புதுச் சேர்க்கை நிகழ வாய்ப்பு அதிகம் என்பது அவர் கொள்கை. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1957ல், கிறிஸ்டென்சன், கில்ஃபோர்ட், வில்சன் மூவரும் நேரத்தை அளந்து பார்த்திருந்தார்கள். ஒரு கேள்விக்குப் பதில்களைச் சொல்லிக்கொண்டே போகச் சொன்னால், நிமிடம் ஆக ஆகப் பதில்களின் வேகம் குறைகிறது, அபூர்வமான பதில்களின் பங்கு கூடுகிறது. பின்னால் வந்த பல ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது. டிசைன் மேசைக்கு இதைக் கொண்டுவந்தால் கிடைக்கும் பாடம் எளிது: மைண்ட் மேப்பின் நடுச்சொல்லை ஒட்டிய முதல் வளையம் ஊர்ப்பொது, அதில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. இரண்டாவது வளையத்திலும் பாதி அப்படித்தான். தாளில் எழுதுவதன் நன்மை, அவற்றை எழுதிய பிறகு மனம் திரும்பத் திரும்ப அவற்றையே சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை என்பது. ‘விளக்கு’ தாளில் இருக்கிறது, பார்த்தாகிவிட்டது, இனி அடுத்ததற்குப் போகலாம். எழுதாமல் மனத்துக்குள்ளேயே யோசிப்பவரிடம் அந்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

ஓர் ஊர் நூலகத்துக்கு இளைஞர்களை உறுப்பினராகச் சேர்க்க ஒரு போஸ்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ‘நூலகம்’. முதல் வளையம்: புத்தகம், அலமாரி, அமைதி, அறிவு. ‘அறிவு’ என்ற கிளை உடனே ஒளி, விளக்கு, படிக்கட்டு, சிறகு என்று ஓடும். அழகாகத்தான் ஓடும், ஆனால் அத்தனையும் ஏற்கெனவே ஏதோ ஒரு சுவரில் ஒட்டியிருப்பவை. ‘புத்தகம்’ கிளையில் காகிதம், வாசனை, இரவல். ‘இரவல்’ கொஞ்சம் நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அது பொருளைப் பற்றிய சொல்லாக இல்லாமல் நடப்பதைப் பற்றிய சொல்லாக இருக்கிறது. இரவலிலிருந்து திருப்பித் தருவது, தவணை, அபராதம், தேதி முத்திரை, பின்னட்டையின் உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டு. தாளின் எதிர்ப்பக்கத்தில் ‘அமைதி’யிலிருந்து தனிமை, தனிமையிலிருந்து கூட்டத்தில் தனியாக இருப்பது, முகம் தெரியாதவர்கள் என்று இன்னொரு கிளை போயிருக்கிறது. இப்போது ‘தேதிச் சீட்டு’க்கும் ‘முகம் தெரியாதவர்கள்’ என்பதற்கும் நடுவே ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். சீட்டில் உள்ள ஒவ்வொரு முத்திரையும் அதே புத்தகத்தை நமக்கு முன்னால் படித்த ஒருவர். போஸ்டர் முழுக்க ஒரே ஒரு தேதிச் சீட்டு, சாய்ந்தும் மங்கியும் ஊதாவிலும் சிவப்பிலும் விழுந்த முத்திரைகள், கடைசி வரி மட்டும் காலி. இதில் புத்தகத்தின் படம் இல்லை, விளக்கு இல்லை, சிரித்த முகத்தோடு படிக்கும் பெண்ணின் வாடகைப் புகைப்படமும் இல்லை. நூலகம் மட்டும் இருக்கிறது. அது உலகத்தரமான யோசனை என்று நான் வாதாடவில்லை. நான்காவது வளையத்திலிருந்து, அதுவும் இரண்டு கிளைகளுக்கு நடுவிலிருந்து வந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மைண்ட் மேப் வடிவத்தில் ஒரு மரம். மரத்தில் ஒவ்வோர் இலைக்கும் ஒரே ஒரு காம்புதான். யோசனைகளோ மரம்போல் நிற்பதில்லை, வலைபோல் பின்னிக்கிடக்கின்றன. மரமாக வரையச் சொல்லும் கருவி எப்படி வலையைக் காட்டும்? இந்தக் கேள்வியை நூலகத்துக்குள்ளேயே நின்று கேட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், டூயி பகுப்பு முறை ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே அடுக்கி வைத்த பட்டியலில் ஓரிடம் ஒதுக்குவதைப் பார்த்து அதிருப்தி அடைந்தார். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டபோது அவருக்கு வழி தோன்றியது. சில துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டு வேண்டிய பொம்மையை எல்லாம் பூட்டிக்கொள்ளலாம் என்றால், சில அடிப்படைக் கூறுகளை வைத்துக்கொண்டு எந்த நூலின் பொருளையும் பூட்டிக்கொள்ளலாமே. 1933ல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. மைண்ட் மேப் வரைபவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சரக்கு உண்டு. கிளைகள் வெறும் உதிரிப் பாகங்கள், பூட்டுவது அதற்கப்புறம் நடக்கும் தனி வேலை. மரம் வரைந்து முடித்ததும் எழுந்துவிடுகிறவர் பாகங்களைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுப் போகிறார். வேறு நிறப் பேனாவில் தொலைதூரக் கிளைகளைக் குறுக்கே இணைத்து, அந்தக் கோட்டின் மேல் ‘ஏன்’ என்பதை நாலு சொல்லில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் அந்த இணைப்பு வெறும் ஒப்புக்குத்தான். அமெரிக்காவில் ஜோசப் நோவாக் 1970களில் உருவாக்கிய கருத்து வரைபடங்களில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விளக்கச்சொல் கட்டாயம். புஜானிடம் இல்லாத இந்த ஒழுங்கை டிசைனர்கள் தயங்காமல் கடன் வாங்கலாம்.

குறுக்கிணைப்புக்கு நம் பாக்கெட்டிலேயே சான்று இருக்கிறது. 2010 ஜூலையில் இந்திய அரசு ஏற்ற ரூபாய்ச் சின்னம், 3,000க்கும் மேற்பட்ட போட்டி வடிவங்களிலிருந்து தேர்வானது. வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார், அப்போது மும்பை ஐஐடியில் ஆய்வு மாணவர். தேவநாகரி ‘ர’, ரோமன் ‘ஆர்’, மேலே இரண்டு கிடைக்கோடுகள், அவற்றுக்கிடையே விட்ட வெள்ளையில் மூவர்ணக் கொடியின் சாயல். எழுத்து, கொடி, மற்ற நாணயச் சின்னங்களில் ஏற்கெனவே இருக்கும் இரட்டைக் கோடு என்று தனித்தனியே கிடந்தவை ஒரே உருவில் பூட்டிக்கொண்டன. இன்னும் பெரிய சான்று மெக்சிகோ நகர மெட்ரோ. 1969ல் திறக்கப்பட்ட அந்த ரயிலின் நிலையங்களுக்கு, எழுத்தறியாத பயணிகளும் இறங்குமிடத்தை அறிந்துகொள்ளும்படி, லான்ஸ் வைமன் என்ற அமெரிக்க டிசைனரும் அவரோடு இருந்தவர்களும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்னம் அமைத்தார்கள். சாபுல்தெபெக் என்ற இடத்தில் புகழ்பெற்ற கோட்டை உண்டு, பெரிய பூங்கா உண்டு. சின்னமாக வந்து உட்கார்ந்ததோ ஒரு வெட்டுக்கிளி, ஏனென்றால் பழங்குடி நாவாட்டில் மொழியில் அந்தப் பெயரின் மூலம் வெட்டுக்கிளிக் குன்று. பினோ சுவாரெஸ் நிலையத்துக்கு, சுரங்கம் தோண்டும்போது பூமிக்கடியில் அகப்பட்ட எகேகாட்ல் காற்றுத் தெய்வத்தின் பீடம். மெர்செட் நிலையத்துக்கு, அங்கே உள்ள சந்தையை நினைவூட்டும் பழப்பெட்டி. வைமன் மைண்ட் மேப் வரைந்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் பெயர், மண், வரலாறு, தொழில் என்று பல கிளைகள் இருந்தன, பயன்பட்ட படம் ஒவ்வொரு முறையும் வேறொரு கிளையில் இருந்தது. எல்லா நிலையத்துக்கும் ‘அங்குள்ள பெரிய கட்டடம்’ என்ற ஒரே கிளையைப் பிடித்திருந்தால், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத கட்டட வரிசைதான் மிஞ்சியிருக்கும்.

எல்லோரும் சேர்ந்து ஒரு வெள்ளைப் பலகையில் வரைந்தால் இன்னும் தூரம் போகலாமே என்று தோன்றும். விளம்பர நிறுவனங்களில் இதற்குப் பழைய செல்வாக்கு உண்டு. பிரெயின்ஸ்டார்மிங் என்ற முறையை வகுத்த அலெக்ஸ் ஆஸ்போர்னே விளம்பரக்காரர்தான், பிபிடிஓ நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து அவருடையது. விமர்சனத்தைத் தள்ளிவை, எண்ணிக்கையைப் பெருக்கு, விபரீதத்தை வரவேற்பு கொடுத்து அழை, ஒருவர் சொன்னதன்மேல் இன்னொருவர் கட்டு என்பவை அவரது விதிகள். விதிகள் நல்லவை, கூட்டம்தான் இடைஞ்சல். 1958ல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், நாலு பேர் கூடி உட்கார்ந்து யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியே யோசித்ததைக் கூட்டிப் பார்த்தபோது யோசனைகள் கணிசமாக அதிகம் இருந்தன. 1987ல் டீல், ஸ்ட்ரோபெ என்ற இருவர் காரணத்தைக் கண்டறிந்தார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை போய்விடுகிறது. நம் அலுவலகங்களில் சீனியர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே ஆளுக்கொரு தாளில் தனியாக வரைந்துவிட்டு, பிறகு தாள்களை மேசையில் பரப்பி, ஒருவர் கிளையை இன்னொருவர் கிளையோடு இணைப்பதே சரியான வரிசை. அதேபோல் மாதிரி தேடிப் பின்ட்ரஸ்ட், பிஹான்ஸ் பக்கங்களைத் திறப்பதும் வரைபடத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும். 1991ல் ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னபோது, உறிஞ்சுகுழல் கூடாது என்று எழுத்தில் சொல்லியும், குழலுள்ள மாதிரியைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குழல் வைத்தே வரைந்தார்கள். கண்ணில் பட்ட மாதிரி கையை விட்டுப் போவதில்லை.

பெரிய டிசைனர்கள் யாரும் இப்படிக் கிளை கிளையாக வரைந்துகொண்டிருக்கவில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். 1998ல் சிட்டிகார்ப்பும் டிராவலர்ஸும் இணைந்தபோது பவுலா ஷெர் அந்த லோகோவை முதல் கூட்டத்திலேயே ஒரு நாப்கினில் கிறுக்கினார் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. ஆங்கில ‘டி’ எழுத்தின் கொக்கி குடைக்காம்பாகி, மேலே ஒரு வளைவு. டிராவலர்ஸின் பழைய சின்னம் குடை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், ஷெர் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக எழுத்துருக்களோடு வாழ்ந்தவர் என்பதை வசதியாக விட்டுவிடுவார்கள். அவர் மனத்தில் முதல் வளையம் எப்போதோ கடந்துபோயிருந்தது. தொடங்குபவருக்கு அந்த வசதி இல்லை. மில்டன் கிளேசரின் கதை இன்னும் பொருத்தமானது. நியூயார்க்கை நேசிப்பதாகச் சொல்லும் அந்த இதயச் சின்னத்தை 1976ல் டாக்சியில் போகும்போது ஓர் உறைத் துண்டில் சிவப்பு கிரேயானால் வரைந்தார், அந்தத் துண்டு இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவு. டாக்சியில் ஏறுவதற்கு முன்பே அவர் வேறொரு வடிவத்தைக் கொடுத்து, அது ஏற்கப்பட்டும் விட்டது என்பதைப் பலரும் சொல்வதில்லை. வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகும் அவர் மனம் கிளை விட்டுக்கொண்டிருந்தது. மின்னல் என்று நாம் நினைக்கும் பல யோசனைகளுக்கு முன்னால் இப்படி ஒரு கழிவு இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரிவது மூன்றாவது ஆட்சேபம். மைண்ட் மேப் சொற்களால் ஆனது, கிராஃபிக் டிசைனோ வடிவங்களால் ஆனது. ஃபெட்எக்ஸ் லோகோவில் ஆங்கில ‘ஈ’க்கும் ‘எக்ஸ்’க்கும் இடையே ஒளிந்திருக்கும் அம்புக்குறி, 1994ல் லேண்டர் நிறுவனத்தில் லிண்டன் லீடரின் கையில் பிறந்தது. ‘வேகம், அனுப்புதல், அம்பு’ என்று சொல் சொல்லாகப் போய் அவர் அதை அடையவில்லை. யூனிவர்ஸ், ஃபியூச்சுரா என்ற இரண்டு எழுத்துருக்களின் குணங்களைக் கலந்து, எழுத்துகளை நெருக்கியும் தளர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வெற்றிடம் அம்பின் சாயலைக் காட்டியது. அதன்பின் அது கச்சிதமாக விழும்படி எழுத்துகளையே திருத்தினார். 200க்கும் மேற்பட்ட வடிவங்கள் முயன்று பார்க்கப்பட்ட வேலை அது. சொல் வரைபடம் எத்தனை வளையம் போனாலும் ‘ஈ’க்கும் ‘எக்ஸ்’க்கும் இடையே இருக்கும் வெள்ளையை யாருக்கும் காட்டாது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைக் கொண்டே முடியும் லோகோக்களுக்கும், பத்திரிகைப் பக்க அமைப்புக்கும், நூலின் உள்வடிவமைப்புக்கும் மைண்ட் மேப் பெரிதாக உதவாது, பென்சிலும் எழுத்துருவும்தான் உதவும். போஸ்டர், புத்தக அட்டை, பிரச்சாரம், ஒரு கருத்தைப் படமாக்க வேண்டிய சின்னம் ஆகியவற்றில்தான் அதன் ஆட்சி. அங்கும்கூட மூன்றாவது வளையத்துக்கு மேல் சொல்லோடு நிற்காமல், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு கிறுக்கல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ‘தேதிச் சீட்டு’ என்று எழுதியதோடு விட்டால் அது தகவல். கட்டம் கட்டி, உள்ளே நாலு சாய்ந்த முத்திரையைக் கிறுக்கினால்தான் போஸ்டராகுமா ஆகாதா என்று தெரியும். வரைய வராத சொல்லை, அது எவ்வளவு கவித்துவமாக இருந்தாலும், அங்கேயே விட்டுவிடுவது மேல்.

நாளை காலைக்குள் மூன்று ஆப்ஷன் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் வாடிக்கையாளருக்கு நடுவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்டால், அரை மணி நேரம் என்பதே என் பதில். நேரமில்லாதவர் வழக்கமாகச் செய்வது முதல் வளையத்திலிருந்து மூன்றை எடுத்து அனுப்புவது, வாடிக்கையாளர் மூன்றையும் எங்கேயோ பார்த்திருப்பது, பிறகு ஏழு திருத்தம். அரை மணி நேரம் அதைவிட மலிவு. இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, ஒரு நொடியில் நூறு சொல் தருமே என்பதும் பேச்சில் அடிபடுகிறது. தரும். மனிதர்கள் எழுதிக் குவித்ததில் எதன் பக்கத்தில் எது அடிக்கடி வருகிறதோ அதைக் கற்றுக்கொண்ட இயந்திரம் அது. கேட்டவுடன் அது தரும் பட்டியலில் பெரும்பகுதி முதல் வளையமாக இருப்பதில் வியப்பில்லை. அந்த வகையில் அது நல்ல துணை: தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலை இலவசமாகத் தருகிறது. வற்புறுத்திக் கேட்டால் தூரத்துச் சொற்களையும் தரும், மறுப்பதற்கில்லை. எந்தத் தூரத்துச் சொல் இந்த ஊர் நூலகத்துக்குப் பொருந்தும் என்பதை அந்த ஊர் நூலகத்தின் தேதிச் சீட்டைக் கையில் புரட்டிப் பார்த்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டிசைன் கல்லூரிகளில் இன்னொரு வினோதம் நடக்கிறது. ‘செய்முறை’ என்ற தலைப்பில் மைண்ட் மேப் ஒன்றைச் சமர்ப்பித்தால்தான் மதிப்பெண் என்பதால், மாணவர்கள் லோகோவை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான மைண்ட் மேப்பைப் பிறகு வரைகிறார்கள். அழகான எழுத்து, ஒரே சீரான வளைவுகள், எல்லாக் கிளைகளும் முடிவான வடிவத்தை நோக்கியே பணிவாக நடந்து போகும். மைண்ட் மேப் மென்பொருள்கள் கிளைக்குக் கிளை வண்ணத்தையும் தாமே போட்டுக் கொடுத்துவிடுவதால் இந்த ஒப்பனை இப்போது இன்னும் எளிது. மாணவர்மீது மட்டும் பழி போட முடியாது, கேட்பது தாள் என்றால் கிடைப்பதும் தாள்தான். ஆசிரியர்கள் தாளுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, கைவிட்ட யோசனைகளில் மூன்றைச் சொல்லச் சொல்லலாம்: எந்தக் கிளையில் இருந்தன, எந்த வளையத்தில், எதற்காக விட்டாய், கிறுக்கிய படம் எங்கே. முன்கூட்டி வரைந்தவர் இவற்றுக்கு உடனே பதில் சொல்வார், பின்னால் வரைந்தவர் அந்த மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.